முப்பது பவுண்டு காத்து

காலைக் கொஞ்சம் அங்கிட்டு நகத்தி வச்சுக்கங்க தம்பி. ரெண்டையும் சீட்டுக்கு அடியில தள்ளிப் பாத்தேன், போக மாட்டேங்குது. ஒண்ண நான் மடியில வச்சுக்கிறேன், இன்னொண்ணு உங்க முழங்காலுக்கு முன்னால நிக்கட்டும். புது டயருதான், அழுக்கு ஒட்டாது. வாட மட்டும் கொஞ்சம் அடிக்கும். கண்டக்டர் லக்கேஜ் போடணும்ங்கிறாரு. மடியில இருக்கிறது எப்படிங்க லக்கேஜ் ஆகும்னு கேட்டேன், மொறச்சுட்டுப் போயிட்டாரு. திரும்ப வருவாரு. வந்தா நீங்க ஒண்ணும் சொல்லாம சன்னலப் பாருங்க.

மணி எத்தன? ஏழு பத்தா? சரி. எட்டரைக்குள்ள திண்டுக்கல் போயிருவான். ஒன்பது மணிக்கு டயர் கடை தொறக்கும். எட்டரைக்கு ஆஸ்பத்திரியில எங்க வீட்டம்மாவப் படுக்க வச்சிருவாங்க, பன்னெண்டரை வரைக்கும். கடைய முடிச்சிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா சரியா இருக்கும். இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுக் கடைக்குப் போறதா? காலையில இருந்து இதத்தான் மாத்தி மாத்தி யோசிக்கிறேன். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு கிலோமீட்டர். இந்தச் சனியனத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குள்ள போனா வாட்ச்மேன் விட மாட்டான்.

நீங்க மலையச் சுத்திப் பாக்க வந்தவரா? நெனச்சேன். என் பேரு சூசைமாணிக்கம். சிறுமலையில தோட்டம், ரோட்டுல இருந்து உள்ள நாலு கிலோமீட்டர் போகணும். வாழை, காப்பி, மிளகு, பத்துப் பலா மரம். இது என்ன டயருன்னு அப்ப இருந்து பாத்துக்கிட்டிருக்கீங்க. காருக்கும் இல்ல, டிராக்டருக்கும் இல்ல. ஏடிவின்னு ஒரு வண்டி. நாலு குண்டுச் சக்கரம், மேல பைக்குக்கு இருக்கிற மாதிரி சீட்டு, ஹேண்டில் பாரு. பீச்சுல பிள்ளைகளை ஏத்தி ஒரு ரவுண்டு விடுவாங்கல்ல, அதேதான். எனக்குத் தெரிஞ்சு இந்த மலையில தோட்ட வேலைக்கு அத வச்சிருக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

இந்த டயரு மட்டும் சரியா அமைஞ்சிட்டா எங்க வீட்டம்மா வீட்டுக்கு வந்துருவா. அதுக்குத்தான் இம்புட்டு ஓட்டம். மூணு வாரமா திண்டுக்கல்ல இருக்கா. கோவிச்சுக்கிட்டுப் போனான்னு நெனச்சுறாதீங்க, அப்படி ஒண்ணும் கெடையாது. அவளுக்குக் கிட்னி போயிருச்சு. திங்களும் வியாழனும் மிசின்ல போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்ணணும், டயாலிசிஸ். இன்னைக்கு வியாழக்கிழமைல்ல? இப்ப கெளம்பிக்கிட்டிருப்பா.

வண்டி வாங்குன கதையச் சொல்றேன், அப்பத்தான் டயர் கதை வெளங்கும். மலையில வாழைத்தார் எல்லாம் குதிரை மேலதான் ரோட்டுக்கு வரும், பாத்திருப்பீங்க. என் தோட்டத்துக்கு மொக்கச்சாமின்னு ஒருத்தர் குதிரை. அவர ஒரு நாள் வர வைக்க ஒம்பது தடவ போன் பண்ணணும். குதிரைக்குக் கால் நோவும்பாரு, குதிரைக்கு வயிறு சரியில்லம்பாரு. ஒரு தடவ குதிரைக்கு மனசு சரியில்லன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கடற்கரை ரோட்டுல ஒரு விளையாட்டுப் பூங்காவ மூடுறாங்கன்னு கேள்விப்பட்டு, நேராப் போயி இந்த வண்டியப் புடிச்சு லாரியில ஏத்திக் கொண்டாந்துட்டேன். நாலு வருசம் ஆச்சு. மொதல் ரெண்டு வருசம் வாழையாச் சுமந்துச்சு. மொக்கச்சாமி வாயே தொறக்கல.

அப்புறம் அவளுக்குக் கால் வீங்குச்சு. அமலோற்பவம்னு பேரு, நான் அமலிம்பேன். மூஞ்சி வீங்குச்சு. காட்டு வேலை செஞ்ச உடம்பு, என்ன வரப்போகுதுன்னு இருந்துட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சுங்கிறாங்க. அப்புறம் ஒரு லிஸ்ட் குடுத்தாங்க பாருங்க, எதெதத் திங்கக் கூடாதுன்னு. வாழைப்பழம் கூடாது. பலா கூடாது. காப்பி கூடாது. எங்க தோட்டத்துல வெளையிற ஒண்ணும் அவளுக்கு ஆகாதுன்னுட்டாங்க. தண்ணியே அளந்து அரை லிட்டரு. காலையில எனக்கு மட்டும் காப்பி போட்டுக் குடுத்துட்டு நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் அடுப்படியிலயே உக்காந்திருப்பா. எதுக்கு உக்காந்திருக்கான்னு நான் கேட்டதில்ல.

வாரத்துக்கு ரெண்டு நாள் அவள ரோட்டுக்குக் கொண்டாரணும். ஜீப்பு அந்தப் பாதையில வராது, குதிரை நடந்த பாதை. நடுவுல ஒரு ஓடை வேற. ஆக என் வண்டிதான். பின்னால கேரியர்ல சாக்க மடிச்சுப் போட்டு உக்கார வச்சிருவேன். இடது கையில ரத்தக் குழாய இணைச்சு ஆப்பரேசன் பண்ணியிருக்காங்க, அந்தக் கைய ஊனக் கூடாது, இடிக்கக் கூடாது. அதனால வலது கையால கம்பியப் புடிச்சுக்குவா, இடது கை மடியில இருக்கும், அதுல ஜெபமாலை. வீட்டுல ஏறுனா ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஐம்பத்திமூணு மணி சொல்லி முடிச்சிருவா, அதுதான் அவ கணக்கு. வண்டி ரோட்டுல ஓட்டுறதுக்கு இல்ல பாருங்க, அதனால மொக்கச்சாமி தொழுவத்துல விட்டுட்டு இந்த பஸ்ஸப் புடிப்போம். இதே பஸ்ஸுதான். அவளுக்கு அந்த முன் சீட்டு.

ஆஸ்பத்திரியில நாலு மணி நேரம். மிசினு ஓடும், நர்சு பாத்துக்கும். அங்க எனக்கு என்ன வேல? விட்டுட்டு சிக்கந்தர் பாய் கடைக்குப் போயிருவேன். டயர் கடை, பஞ்சரும் பாப்பாரு. நல்ல மனுசன். டீ வாங்கிக் குடுப்பாரு. முடியிற நேரத்துக்கு வந்து கூட்டிக்கிட்டு மூணு மணி பஸ்ஸுக்கு ஏறிருவோம். ஒன்றரை வருசம் இப்படித்தான். ஒரு நாள் நான் லேட்டா வந்தது கெடையாது, கேட்டுப் பாருங்க.

கொண்டை ஊசி வளைவு ஆரம்பிச்சிருச்சு, டயரப் புடிச்சுக்கங்க, உருண்டுரும். வாந்தி கீந்தி வருமா உங்களுக்கு? வராதா, நல்லது.

போன ஐப்பசியிலதான் வெனை ஆரம்பிச்சது. வண்டியோட வந்தது பீச்சு டயரு. மணலுக்குச் செஞ்சது, வழவழன்னு இருக்கும். மழை கொறைச்சலா இருந்த வரைக்கும் சமாளிச்சுது. அந்த ஐப்பசி மழை பேய்ஞ்ச வேகத்துக்கு ஓடையில தண்ணி கரை புரண்டு போச்சு. ஒரு திங்கக்கிழமை தாண்டவே முடியல, டயாலிசிஸ் போச்சு. ஒண்ணு விட்டா என்ன ஆகும் தெரியுமா தம்பி? உடம்புல தண்ணி ஏறும். புதன்கிழமை அவளால மல்லாக்கப் படுக்க முடியல. உக்காந்துக்கிட்டே மூச்சு வாங்குறா. வியாழக்கிழமையும் விட்டா ஆள் இல்ல, டாக்டர் மொதல்லயே சொல்லியிருந்தாரு. விடிஞ்சதும் ஏத்துனேன். ஓடைய எப்படியோ தாண்டிட்டேன், அந்தக் கரை மேட்டுல சேத்துல வண்டி உக்காந்துருச்சு. முறுக்குறேன், சக்கரம் சுத்துது, வண்டி நவுரல. நான் முறுக்க முறுக்கப் பள்ளந்தான் ஆழமாகுது. அப்படிப் பயந்தேன் தம்பி.

அந்த நேரம் பாத்து மொக்கச்சாமி குதிரையோட வர்றாரு. அவளைத் தூக்கிக் குதிரை மேல உக்கார வச்சாரு, கயித்தப் புடிச்சாரு, நடந்துட்டாரு. நான் பின்னாலயே நடந்து வர்றேன், முழங்கால் வரைக்கும் சேறு. அவ குதிரை மேல இருந்து அவர்ட்ட என்னமோ சொல்றா, சிரிக்கிறா. மூச்சு வாங்குறவ எதுக்குச் சிரிக்கணும்? மூணு வருசத்துக்கு மேல குதிரைக்காரனுக்கு எதிரா நிமிந்து நின்னவன் நான். அன்னைக்கே முடிவு பண்ணேன், டயர மாத்துறதுன்னு.

மொதல்ல போட்டது சேத்து டயரு. மேல துருத்திக்கிட்டிருக்கிற ரப்பர் கட்டை ஒவ்வொண்ணும் இம்புட்டு ஒசரம், என் சுண்டுவிரல் நீளம். பாய் வெளியூர்ல இருந்து வரவழைச்சுக் குடுத்தாரு. சக்கரத்தக் கழட்டிக் கொண்டுபோனேன், அவரே மாட்டி, காத்து நல்லா முப்பது பவுண்டு ஏத்தி விட்டாரு. சேத்துல போச்சு பாருங்க, உடும்பு கணக்கா. எனக்குத் தலகால் புரியல. ஆனா எங்க பாதையில பாதி சேறு, பாதி பாறை. பாறையில ஏறுனா அந்தக் கட்டை ஒவ்வொண்ணும் தட்டுது, தடதடதடன்னு பல்லு ஆடுது. அவ ரெண்டு எடத்துல நிப்பாட்டச் சொல்லி வாந்தி எடுத்தா. டயாலிசிஸ் முடிஞ்சு வர்ற நாள்ல அவளுக்கு ஏற்கெனவே தலை சுத்தும். ஜெபமாலையில எத்தனாவது மணின்னு விட்டுப் போகுதுன்னா. கம்பியில இடிச்சு இடிச்சு முதுகு கன்னிப்போய்க் கெடந்துச்சு, எண்ணெய் தேச்சு விட்டேன்.

அப்பத்தான் மொதத் தடவ கேட்டா. மழை முடியிற வரைக்கும் டவுன்லயே ஒரு எடம் பாத்து இருந்துக்கிறேனேன்னா. நான் புரிஞ்சுக்கிட்டேன். பாவம், ஆட்டம் தாங்கல. டயரு சரியில்ல, வேற மாத்திருவோம், கவலப்படாதன்னு சொன்னேன். எதுத்துப் பேசுற பழக்கம் அவளுக்குக் கெடையாது.

இங்கதான் அந்த டீச்சர் உள்ள வர்றாங்க. பத்மாவதி டீச்சர்னு, அமலிக்குப் பக்கத்துக் கட்டில். அவங்களுக்கும் அதே திங்கள் வியாழன். ரிட்டயர்டு, ஒண்டிக்கட்டை, ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு பின்னால சொந்த வீடு. அவங்க வீட்டுக்காரரு, செத்துப் போயிட்டாரு, அவரு டயருக்கு ரப்பர் ஒட்டுற ரீட்ரேடிங் பட்டறை வச்சிருந்தவராம். அந்தம்மாவுக்கு அதுல ஒரு நெனப்பு. நாலு மணி நேரம் ரெண்டு பேரும் படுத்துக்கிட்டு என் வண்டியப் பத்திப் பேசியிருக்காங்க. பேசிட்டு அமலி எங்கிட்டச் சொல்றா, டயருல தப்பில்லையாம், காத்துதான் கூடவாம். இந்த மாதிரிக் குண்டு டயருக்கு அஞ்சாறு பவுண்டுதான் இருக்கணுமாம், கட்டைவிரல வச்சு அமுக்குனா அமுங்கணுமாம்.

நீங்களே சொல்லுங்க தம்பி. சைக்கிளுக்கு நாப்பது அடிக்கிறோம். மூணு மூட்டை எடை இருக்கிற வண்டி, மேல ரெண்டு ஆளு, அதுக்கு ஆறு பவுண்டா? உடம்புக்கு முடியாத பொம்பளைங்க படுத்துக்கிட்டு டயர் வைத்தியம் பாக்குறீங்களான்னு கேட்டு விட்டேன். விளையாட்டாத்தான் கேட்டேன். அடுத்த வியாழக்கிழமை அந்தம்மாவே வாசல்ல வச்சு என்னப் புடிச்சுக்கிட்டாங்க. டயரு ஓரத்துலயே எழுதியிருக்கும் சார், தொடச்சுட்டுப் பாருங்கன்னாங்க. பாத்தேன். எழுதித்தான் இருந்துச்சு. எந்த ஊர்க்காரனோ எழுதுனது, அவனுக்கு எங்க மலை தெரியுமா? பாய்கிட்டப் போயிச் சொன்னேன். அவரு காத்தளக்கிற மீட்டரக் காட்டுறாரு, அதுல நம்பரே பத்துல இருந்துதான் ஆரம்பிக்குது. ரெண்டு பேரும் சிரிச்சோம் பாருங்க, அப்படிச் சிரிச்சோம். இதக் கேட்ட மொக்கச்சாமி, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்னு டீச்சரச் சொன்னாருன்னுதான் நெனைக்கிறேன். என்னச் சொல்லியிருக்க மாட்டாரு.

கார்த்திகையில ரெண்டாவது செட்டு. இது பாறைக்குன்னே செஞ்சது, கெட்டி. முள்ளு ஏறாது, கல்லு கிழிக்காது. அதுலயும் முப்பது. வாங்குன எனக்கே கொஞ்சம் உறுத்துச்சு, கையால தட்டுனா கல்லத் தட்டுற மாதிரி இருந்துச்சு. ஆனா வழுக்கல, ஒரு நாளும் நிக்கல, ஒரு டயாலிசிஸ் விடல. அதச் சொல்லணுமில்ல? அவ வாந்தி எடுக்கிறது மட்டும் நிக்கல. ரோட்டுக்கு வந்து எறங்குனா அஞ்சு நிமிசம் வண்டியப் புடிச்சுக்கிட்டே நிப்பா. ஒரு நாள் அப்படி நிக்கும்போது தெளிவாவே சொன்னா, டீச்சர் வீட்டுல ஒரு ரூம் சும்மாக் கெடக்குது, வரச் சொல்றாங்க, நான் போறேன்னு. சொந்த வீடு இருக்கும்போது ஊரான் வீட்டுல எதுக்குன்னேன். இந்த டயரையும் மாத்திருவோம்னேன். அப்ப அவ என்னப் பாத்த பார்வை எனக்கு இன்னும் பிடிபடல.

அதுக்கப்புறம் நான் ஒரு எடத்துல உக்காரல தம்பி. டேப்ப எடுத்துக்கிட்டுப் பாதை பூராம் நடந்தேன். எங்க சேறு, எங்க பாறை, எங்க உருட்டுக்கல்லு, எத்தன அடி, எல்லாம் ஒரு நோட்டுல. கேரளாவுல ரப்பர் தோட்டத்துல இந்த வண்டி ஓட்டுற ஒருத்தர் நம்பரப் புடிச்சு வாட்சப்புல பேசுனேன். அவரு மலையாளத்துல சொல்றாரு, நான் பாதி புரிஞ்சுக்கிறேன். பாய்க்கு ஒரு நாளைக்கு நாலு போன். சாப்புட உக்காந்தா சோத்துல விரலால டயர் கட்டை போட்டுக் காட்டுவேன் அவளுக்கு, இப்படி நெருக்கமா வேணுமா, தள்ளித் தள்ளி வேணுமான்னு. தூக்கம் வந்தா டயரு கனவு. பைத்தியம் புடிச்சிருச்சான்னு மொக்கச்சாமி அமலிகிட்டக் கேட்டிருக்காரு. இல்ல, அவருக்கு இதுதான் தெரியும்னாளாம்.

கடைசியில மார்கழியில மூணாவது செட்டு. ரெண்டுக்கும் நடுவாந்தரம், கட்டை நெருக்கம், ரப்பர் மெத்து. பின்சக்கரத்துக்கு ரெண்டு மட்டும்தான் கெடச்சுது. மாட்டி, வழக்கம்போல முப்பது ஏத்தி, ஞாயித்துக்கிழமை தொழுவத்துல இருந்து வீட்டுக்கு ஓட்டிப் பாத்தேன். பெரிய வித்தியாசம் தெரியல. மனசே விட்டுப்போச்சு. மறுநாள் திங்கக்கிழமை அவள ஏத்திக்கிட்டுக் கெளம்புறேன், மாதாவே, வண்டியா அது? தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரிப் போகுது. பாறை மேல ஏறுது, எறங்குது, ஒரு தட்டல் இல்ல, ஒரு குலுக்கல் இல்ல. பின்னால அருள் நிறை மரியேன்னு நிதானமா ஒரே சீராக் கேக்குது. ரோட்டுக்கு வர்றதுக்குள்ள ஐம்பத்திமூணு மணியும் சொல்லி முடிச்சிட்டா. நான் சந்தோசத்துல ரெண்டு தடவ ஆரன் அடிச்சேன், யாருமில்லாத காட்டுல.

தொழுவத்துக்கிட்ட எறங்குனா. வாந்தி இல்ல, தலைசுத்து இல்ல, யாரையும் புடிக்காம நின்னா. எப்படின்னு கேட்டேன். கேட்டுட்டு அவ வாயவே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

"நல்லா இருக்கு. இனிமே நீங்க இதுல வந்து என்னப் பாத்துட்டுப் போகலாம்"னா.

அப்பத்தான் பாக்குறேன், கையில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற பை இல்ல, பெரிய பை. சேலை, போர்வை, மாத்திரை, மாதா படம் எல்லாம் அதுல. ஆட்டந்தான் நின்னுருச்சே, இனிமே எதுக்குங்கிறேன். ஆட்டத்துக்காகன்னு நான் எப்பச் சொன்னேன்னு கேக்குறா. சத்தம் போட்டுக் கேக்கல, சாதாரணமாக் கேட்டா. பஸ்ஸு வந்துருச்சு, ஏறிட்டா. நானும் ஏறுனேன். ஆஸ்பத்திரி முடிஞ்சு அவ டீச்சர் வீட்டுக்குப் போயிட்டா, மூணு மணி பஸ்ஸுக்கு நான் மட்டும் திரும்பி வந்தேன். இந்த டயர் எம்புட்டு நல்ல டயருன்னு அன்னைக்குப் பஸ்ஸுல யார்கிட்டயும் சொல்லக்கூட முடியல.

இருங்க, இன்னும் இருக்கு. அடுத்த நாள் வண்டியப் பாக்குறேன், நாலு சக்கரத்துலயும் வால்வு மூடியக் காணோம். தேடுனா அடுப்படி அலமாரியில, அவ பழைய மாத்திரை டப்பாவுல நாலு மூடியும் கெடக்குது, கூடவே ரெண்டு தீக்குச்சி. எனக்குச் சுருக்குனுச்சு. காத்தளக்கிற சின்ன மீட்டர் ஒண்ணு தபால்ல வரவழைச்சு வச்சுப் பாத்தேன். ஆறு. நாலு சக்கரமும் ஆறு. நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாய்க்குப் போன் பேசிக்கிட்டுத் தோட்டத்துல அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டிருந்தேன்ல, அந்த நேரத்துல குத்த வச்சு உக்காந்து தீக்குச்சியால குத்திக் குத்திக் காத்த எறக்கியிருக்கா. கட்டைவிரலால அமுக்கி அமுக்கிப் பாத்திருக்கா. என்ன ஒரு வார்த்த கேக்க வேணாமா? டயரு யாரோடது? நான் மூணு மாசமா உசுர விட்டுப் பாத்த பரிசோதனை, அத ஒரு தீக்குச்சியில கெடுத்துப்புட்டா. இப்ப வண்டி சொகமாப் போனது டயராலயா காத்தாலயான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோவத்துல பம்ப எடுத்துத் திரும்ப முப்பது ஏத்திட்டேன். ஏத்திட்டு ஒரு நடை ரோட்டுக்கு வந்தேன். பல்லு ஆடிருச்சு. ஆனா அது வண்டியில வெயிட் இல்லாததால, நான் ஒத்த ஆளுல்ல. சிரிக்காதீங்க தம்பி.

இப்ப இந்த ரெண்டும் முன்சக்கரத்துக்குன்னு வந்தது. அகலம் கூட வந்துருச்சு, அதான் மாத்தக் கொண்டுபோறேன். நாலும் ஒரே ரகமா அமைஞ்சிட்டா அப்புறம் அவ ஒரு கொறை சொல்ல முடியாது. அதுக்குத்தான் மூணு வாரமா அங்க போகல. வெறுங்கையோட போயி என்னன்னு சொல்றது? எல்லாத்தையும் முடிச்சிட்டு, வா, போலாம்னு கூப்புடுறதுக்குப் போகணும். நேத்துக் காலையில நானே போன் போட்டேன். டயரு வந்துருச்சு, அகலம் கூட, நாளைக்கு மாத்திட்டு அப்படியே வந்து கூட்டிக்கிட்டு வந்துர்றேன்னு சொன்னேன்.

"ஒன்றரை வருசமா அந்தக் கட்டில்ல படுக்கிறேன். பக்கத்துல ஒரு ஸ்டூல் கெடக்கும். என்னைக்காச்சும் அதுல உக்காந்திருக்கீங்களா?"ன்னா.

யாருக்காகடி அலைஞ்சேன்னு கேட்டேன். எனக்காகத்தான் அலைஞ்சீங்க, தெரியும்னா. அப்புறம் ஒண்ணு சொன்னா. கார்த்திகையில ஒரு நாள் மிசின் ஓடிக்கிட்டிருக்கும்போதே அவளுக்கு பிரஷர் எறங்கிருச்சாம். கண்ணு இருட்டி, கையி காலு இழுத்துருச்சாம். டீச்சர்தான் கூப்பாடு போட்டு நர்ச வர வச்சிருக்காங்க. அமலி என் பேரச் சொல்லிக் கூப்புட்டாளாம். கல்யாணமாகி இருவத்தெட்டு வருசத்துல என் பேர அவ வாய் தொறந்து சொன்னதே இல்ல தம்பி. கூப்புட்டிருக்கா, நான் பாய் கடையில அந்தப் பாறை டயரத் தட்டிப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். ஏன்டி அன்னைக்கே சொல்லலன்னேன். பஸ்ஸு ஏறுனதுல இருந்து வீடு வர்ற வரைக்கும் நீங்க டயரப் பத்திச் சொல்லிக்கிட்டு வந்தீங்க, எங்க சொல்றதுன்னா.

"நாளைக்கு வர்றதா இருந்தா வாங்க. நாலு மணி நேரமும் உக்காருங்க. டயர் பேச்ச மட்டும் எடுக்காதீங்க"ன்னு வச்சிட்டா.

மலை எறங்கிருச்சா? செக்போஸ்ட் தாண்டியாச்சா? பேசுனதுல பாக்கல. மணி எத்தன? எட்டு இருவதா?

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா தம்பி? ஆச்சா. வீட்டுல என்ன பேசுவீங்க? இல்ல, சும்மாத்தான் கேக்குறேன். நேத்துல இருந்து நானும் யோசிக்கிறேன். வாழை விலையப் பேசலாம், அவளுக்கு வாழை ஆகாது. காப்பி பூத்திருக்குன்னு சொல்லலாம், அதுவும் ஆகாது. மழை பேச்செடுத்தா ஓடைக்குப் போகும், ஓடைக்குப் போனா டயருக்கு வந்துரும். உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கலாம். அது ஒரு நிமிசம். நாலு மணி நேரம் தம்பி. அவளுக்குக் கண்ணு இருட்டுனா என்ன பண்ணணும்னுகூட எனக்குத் தெரியாது. எனக்குப் பயமா இருக்கு, உள்ளதச் சொல்றேன். அந்தச் சேத்து மேட்டுல பயந்ததவிடக் கூடப் பயமா இருக்கு.

அந்தா, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வருது. கண்டக்டர், விசில் குடுங்க, ஒரு ஆள் எறங்கணும். கொஞ்சம் எந்திரிங்க தம்பி, வழி விடுங்க. டயரா? இல்ல தம்பி, நீங்க பஸ் ஸ்டாண்டுல எறங்கும்போது டைம் கீப்பர் ரூம்ல வச்சிருங்க, போன் போட்டுச் சொல்லிர்றேன், சிக்கந்தர் பாய் வந்து எடுத்துக்குவாரு. கையில இருந்தா இதப் பத்தித்தான் பேசுவேன், எனக்கு என்னைய நல்லாத் தெரியும். புடிச்சுக்கங்க, நான் எறங்கிர்றேன்.